பட்டத்தரசியின் செல்கள்

குரு மலையுச்சியில் இருப்பார், சீடன் முள்ளையும் கல்லையும் மிதித்து ஏறிப்போவான் என்றுதான் இந்த மாதிரிக் கதைகளைத் தொடங்குவார்கள். இந்தக் கதையில் குரு இரண்டாவது மாடியில் இருந்தார். லிஃப்ட் உண்டு. சீடன் காரில் வந்து இறங்கினார். செருப்பை மட்டும் கழற்றத்தான் வேண்டும். லேப் வாசலில் அதற்கென்று நீல நிற ரப்பர் செருப்பு தனியாக வைத்திருப்பார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சீடனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. குருவுக்கு அப்போதுதான் காதோரம் ஒன்றிரண்டு எட்டிப் பார்த்தன.

சீடனின் பெயர் வெள்ளியங்கிரி. கோயமுத்தூரில் பேர் சொன்னால் தெரியும் அறுவை மருத்துவர். முதுகெலும்பின் அடிமுனையில் ஒரு புற்று வரும். கோர்டோமா என்று பெயர். பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வந்தால் அதிகம். மெதுவாக வளரும். வெட்டி எடுத்தால் மெதுவாகவே திரும்பி வரும். இதைக் கரைக்கிற மருந்து என்று நம்பிக் கொடுக்க ஒன்றும் கிடையாது. வெட்டுவதும் அது திரும்பி வருவதுமாகப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன டாக்டர், ஒருநாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்துவிட்டார். பேரன் எடுக்கிற வயதில் எதற்கு இந்தப் படிப்பு என்று வீட்டில் கேட்டார்கள்.

குருவின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரர். மனித உடம்பிலிருந்து எடுத்த செல்லை உடம்புக்கு வெளியே வளர்ப்பதுதான் அவருடைய வேலை. அதிகம் பேசமாட்டார். அவருடைய அறை ஜன்னலில் தட்டையான பிளாஸ்டிக் குடுவைகள் வரிசையாக நின்றன. செல் வளர்க்கிற குடுவைகள்தான். பிளீச்சில் ஊறவைத்துக் கழுவி, தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு மணி பிளான்ட் கொடியை நட்டிருந்தார். குடுவைகளின் மேல் ஒட்டிய பழைய டேப்பில் யார் யாருடையவோ முதலெழுத்துகள் மங்கிப்போய்க் கிடந்தன.

இதெல்லாம் இவர் வளர்த்தது போலிருக்கிறது என்று டாக்டர் முதல் நாளே மரியாதையோடு நினைத்துக்கொண்டார்.

“மேடம், ஒன்னு கேக்கலாமுங்களா?”

“கேளுங்க சார்.”

“இது எப்ப முடியுமுங்க?”

ஜெசிந்தா எழுந்தார். அவரை லேப்புக்குள் கூட்டிப்போய் ஒரு குடுவையை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தார்.

“பாருங்க.”

டாக்டர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

“ஒன்னையும் காணமுங்க.”

“நல்லாப் பாருங்க.”

“தண்ணி இருக்குது. அங்கங்க தூசியாட்டம் என்னமோ.”

“அந்தத் தூசிக்குத்தான் சாப்பாடு போடப் போறீங்க” என்றார் ஜெசிந்தா.

அந்தத் தூசி பட்டத்தரசியுடையது.

பட்டத்தரசி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். நாள் முழுக்க உட்கார்ந்து துணியில் குறை பார்க்கிற வேலை. உட்கார்ந்தால் வலிக்கிறது என்று வந்தவருக்குத்தான் இந்த நோய் என்று தெரிந்தது. வெள்ளியங்கிரி இரண்டு தடவை வெட்டி எடுத்தார். இரண்டாவது தடவையும் நரம்பை ஒட்டிக் கொஞ்சம் மிச்சம் நின்றுவிட்டது. மூன்றாவது தடவை கத்தி வைத்தால் கால் போய்விடும். இனி அந்தம்மாவுக்கு மருந்துதான் வழி. மருந்து எது என்று தெரிய வேண்டுமானால், அவருடைய செல் குடுவைக்குள் பிழைத்து வளர வேண்டும். வளர்ந்தால் அதன்மேல் ஒவ்வொரு மருந்தாகப் போட்டுப் பார்க்கலாம். வளராவிட்டால் எதையும் தொடங்கவே முடியாது.

ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் சதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது பட்டத்தரசி சிரித்தார்.

“வெட்டி வீசறதைத்தானுங்களே கேக்கறீங்க. நல்லா வெச்சுக்குங்க.”

ஆனால் அதோடு விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் லிஃப்டில் ஏறி லேப் வாசலுக்கும் வந்துவிடுவார். உட்கார முடியாது. சுவரில் தோள் சாய்த்து நின்றபடியே விசாரிப்பார்.

“என்னோடது எப்படி இருக்குதுங்க?”

“இருக்குது அம்மிணி.”

“சாப்பாடு போட்டீங்களா?”

“போட்டாச்சு.”

“என்ன போடுவீங்க?”

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை, உப்பு, கொஞ்சம் சத்து, அப்புறம் மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற ஒரு தெளிவான திரவம்.

பட்டத்தரசி முகத்தைச் சுளித்தார். “அதாங்க வளர மாட்டேங்குது. நான் சுத்த சைவம்.”

லேப்பே சிரித்தது. டாக்டரும் சிரித்தார். சிரித்து முடித்ததும், “வளந்துச்சுன்னா முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார். யாரும் கேட்காமலே கொடுத்த வாக்கு.

அறுவை மருத்துவருக்குக் கை சும்மா இருக்காது. காலையில் திறந்தால் மதியத்துக்குள் தைத்து மூடிவிட வேண்டும், சாயங்காலம் வெளியே நிற்கிற சொந்தக்காரர்களிடம் ‘நல்லபடியா முடிஞ்சுது’ என்று சொல்லிவிட வேண்டும். அப்படியே பழகியவர். இங்கே குடுவையை உடம்புச்சூட்டில் வைத்திருக்கிற இன்குபேட்டர் என்ற பெட்டிக்குள் வைத்தால் வாரக்கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. தினமும் காலையில் வந்ததும் இன்குபேட்டரைத் திறப்பார். குடுவையை எடுத்துப் பார்ப்பார். பெருமூச்சு விட்டு வைப்பார். மத்தியானம் ஒரு தடவை. கிளம்பும்போது ஒரு தடவை.

ஜெசிந்தா பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரம். டாக்டர் டிஃபன் பாக்ஸைப் பிரித்து ஒரு வாய் வைத்திருப்பார். ஜெசிந்தா வந்தார். பாக்ஸைத் தன் பக்கம் இழுத்தார். உள்ளே பார்த்தார். மூடியைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போனார்.

டாக்டர் திறந்து இரண்டாவது வாய் எடுத்தார். ஜெசிந்தா மறுபடி வந்தார். இழுத்தார், பார்த்தார், மூடினார், போனார்.

மூன்றாவது தடவை வந்தபோது டாக்டர் பாக்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“என்ன மேடம் வேணுமுங்க?”

“ஒன்னுமில்ல சார். சாப்பிட்டு முடிச்சிட்டீங்களான்னு பாத்தேன்.”

அன்றிலிருந்து டாக்டர் இன்குபேட்டரை வாரத்துக்கு ஒரு தடவைதான் திறந்தார். கை அரிக்கும்போது நடைபாதையில் போய் நடந்துவிட்டு வந்தார்.

மழைக்காலம் முடிகிற சமயம் தூசிகள் குடுவையின் தரையில் ஒட்டிக் கால் நீட்டின. அப்படி ஒட்டியதே சந்தோஷம். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சின்னச் சின்னக் குமிழி. பாத்திரம் தேய்க்கிற சோப்பு நுரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. இந்தப் புற்றின் அடையாளமே அந்தக் குமிழிதான். பட்டத்தரசியின் சதையை வெட்டி முதன்முதலில் கண்ணாடித் துண்டில் பார்த்தபோதும் இதே குமிழிகளைத்தான் டாக்டர் பார்த்திருந்தார்.

ஜெசிந்தாவும் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“சரி சார். பாதியை எடுத்து ஐஸ்ல போட்டுருங்க.”

ஐஸ் என்றால் திரவ நைட்ரஜன். பால் கேன் மாதிரி ஒரு பெரிய தொட்டி, திறந்தால் வெள்ளைப் புகை வழியும். அந்தக் குளிரில் செல்கள் சாகாமல் வருஷக்கணக்கில் அப்படியே தூங்கும். எது வளர ஆரம்பித்தாலும் முதலில் பாதியை ஐஸில் போட வேண்டும் என்பது அந்த லேப்பின் வழக்கம்.

“இருக்கறதே ஒரு சிட்டிகைங்க. அதுல பாதியா?”

“பாதி.”

“நல்லா வளரட்டும் மேடம். அப்புறம் போட்டுக்கலாமுங்க.”

“நல்லா வளரும்போது எடுக்க மனசு வராது சார்.”

டாக்டர் முனகிக்கொண்டே போட்டார். இத்தனை மாதம் ஊட்டி வளர்த்ததில் பாதியைக் கொண்டுபோய்ப் புதைப்பது போலிருந்தது அவருக்கு. சிறு குப்பிகளில் பேரெழுதித் தொட்டிக்குள் இறக்கி மூடியபோது குருமேல் நிஜமாகவே கோபம் வந்தது.

மிச்சப் பாதியோடு வேலை தொடர்ந்தது. இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, எல்லா லேப்பிலும் இருக்கிற சாதாரணப் புற்றுச்செல் ஒன்றையும் டாக்டர் பக்கத்தில் வளர்த்தார். அது எதற்கும் அடம்பிடிக்காது. போட்டதும் வளரும்.

பிறகுதான் அந்த அதிசயம். ஒரு வாரம் திறந்து பார்த்தால் பட்டத்தரசியின் குடுவையில் செல்கள் கூடியிருந்தன. அடுத்த வாரம் பாதித் தரை நிறைந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் இடமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்ததும் ஃபோனை எடுத்தார். “வளந்துருச்சு அம்மிணி” என்றார். அந்தப் பக்கம் பட்டத்தரசி அழுதார். அன்றைக்கே வீதி முழுக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் டாக்டர் ஒரு பெட்டி மைசூர்பாவோடு வந்தார். லேப்புக்குள் எதையும் தின்னக்கூடாது. அதனால் எல்லோரும் நடைபாதையில் நின்று தின்றார்கள். ஜெசிந்தா மட்டும் உள்ளே மைக்ராஸ்கோப்பில் இருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

“குமிழி எங்க சார்?”

“ஏனுங்க?”

“ஒரு செல்லுலயும் குமிழி இல்லியே.”

“உடம்புக்கு வெளிய வந்து இத்தனை நாளாச்சு. எடம் மாறினதுல உருவம் கொஞ்சம் மாறியிருக்குமுங்க.”

“இருக்கலாம். யாரோட செல்லுன்னு டெஸ்ட்டுக்கு அனுப்பிருங்க. அந்தம்மா ரத்தத்தோட ஒத்துப் பாக்கட்டும்.”

டாக்டரின் முகம் சுண்டிப்போயிற்று. “நான் என் கையால எடுத்த சதைங்க அது. என் பேஷண்ட்டோட செல் எனக்குத் தெரியாதுங்களா?”

“தெரிஞ்சா நல்லது சார்” என்றார் ஜெசிந்தா. தன் பங்கு மைசூர்பாவைத் தின்னாமல் பெட்டியிலேயே வைத்து மூடினார்.

டெஸ்ட் முடிவு வந்தது. குடுவையில் இருந்தது பட்டத்தரசியின் செல் அல்ல. பக்கத்தில் வளர்த்த அந்தச் சாதாரணச் செல்தான். எங்கோ வெளிநாட்டில் எப்போதோ இறந்துபோன ஒரு பெண்ணின் மார்பிலிருந்து எடுத்தது.

டாக்டர் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எப்படிங்க? கையைத் தேய்ச்சுக் கழுவாம நான் ஒரு நாளும் உக்காந்ததில்ல. ஆயுசு முழுக்க சுத்தம் சுத்தம்னே இருந்தவனுங்க நான். ஒரு கிருமி உள்ள போயிருக்காது.”

“போகல. குடுவை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா உள்ள இருக்கது வேற ஆளு.”

“அதான் எப்படிங்கறேன்.”

“எப்படிச் சாப்பாடு போடுவீங்கன்னு செஞ்சு காட்டுங்க சார்.”

வடிகட்டிய காற்று வீசுகிற கண்ணாடிப் பெட்டியின் முன்னால் டாக்டர் உட்கார்ந்தார். கையுறை போட்டார். ஸ்பிரிட் தெளித்துத் துடைத்தார். ஆபரேஷன் தியேட்டரில் போலவே ஒவ்வொன்றும் கச்சிதம். முதலில் சாதாரணச் செல்லுக்குச் சாப்பாடு போட்டார். அதே உறிஞ்சுகுழாயைச் சாப்பாட்டு பாட்டிலுக்குள் மறுபடி விட்டு இன்னும் கொஞ்சம் எடுத்துப் போட்டார். கையுறையை மாற்றினார். குழாயை மாற்றினார். பட்டத்தரசியின் குடுவையைத் திறந்து, அதே சாப்பாட்டு பாட்டிலுக்குள் புதுக் குழாயை விட்டார்.

விட்ட கை அப்படியே நின்றது.

“பாட்டில் ஒன்னுதானுங்க” என்றார் மெதுவாக.

ஜெசிந்தா தலையசைத்தார். செல்லைத் தொட்ட குழாய் மறுபடி பாட்டிலுக்குள் போனபோது ஒரு செல் கூடவே போயிருந்தால் போதும். கிருமி எது, கிருமி இல்லாதது எது என்று பார்த்தே பழகிய மனுஷன். இன்னொருவர் உடம்பின் செல்லும் அழுக்குதான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. செல் வளர்க்கிற வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வராத தப்பு. சுத்தத்தில் ஊறியவருக்குத்தான் வந்தது.

ஜெசிந்தா பிளீச் பாட்டிலைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

“முதல்ல இதைக் கொல்லுங்க.”

டாக்டர் ஊற்றினார். மாதக்கணக்கில் காத்த குடுவை ஒரு நிமிஷத்தில் நிறம் வெளுத்தது. அதை ஆஸ்பத்திரிக் கழிவு போடுகிற மஞ்சள் பையில் போட்டுக் கட்டினார். பிறகு குருவின் அறைக்குப் போய் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“நான் போயிடறேன் மேடம். எனக்கு இது வராதுங்க. வெட்டத்தான் தெரியும்.”

ஜெசிந்தா மணி பிளான்ட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“நீங்க எத்தனையோ வளத்துப் பாத்தவங்க” என்றார் டாக்டர், ஜன்னலைப் பார்த்து. “அதனால இது போனாலும் பதறாம நிக்கறீங்க. எனக்கு இதுதானுங்க முதல்.”

ஜெசிந்தா தண்ணீர்ப் பாட்டிலை அவர் கையில் கொடுத்தார்.

“அந்தக் கடைசிக் குடுவைக்கு எனக்கு எட்டல சார். நீங்க ஊத்துங்க.”

டாக்டர் எழுந்து ஊற்றினார்.

“அந்தம்மாகிட்ட யாருங்க சொல்றது?” என்றார் டாக்டர்.

“வளந்துட்டுன்னு யாரு சொன்னா?”

“நான்தானுங்க.”

“அப்போ சரி” என்றார் ஜெசிந்தா.

பட்டத்தரசி அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது கையில் தூக்குப்போசி இருந்தது. லேப்பில் எல்லோருக்கும் என்று சர்க்கரைப் பொங்கல் செய்து எடுத்து வந்திருந்தார். டாக்டர் அந்தத் தூக்குப்போசியையே பார்த்தார். எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட சேதி சொன்ன வாய்தான். இன்றைக்கு எழவில்லை. அந்தம்மா உட்கார முடியாது என்பதால் அவரும் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பாட்டில் விஷயத்தையும் மறைக்கவில்லை.

பட்டத்தரசி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப வளந்தது என்னோடது இல்லீங்களா?”

“இல்ல அம்மிணி. வேற ஒரு அம்மாவோடது. அவங்க இறந்து ரொம்ப வருஷமாச்சு.”

“பாவம், யாரு பெத்த புள்ளையோ” என்றார் பட்டத்தரசி. கொஞ்சம் யோசித்தார். “அப்ப என்னோடது எங்கீங்க?”

“பாதி ஐஸ்ல இருக்குது. இந்தத் தப்பு நடக்கறதுக்கு முன்னாடியே எடுத்துப் போட்டது.” சொல்லும்போது டாக்டர் ஜெசிந்தாவின் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“உசுரோட இருக்குதுங்களா?”

“எடுத்து வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்.”

“அப்பப் பாருங்க. நான் எங்க போகப் போறேன்?” அந்தம்மா தூக்குப்போசியை நீட்டினார். “இதை என்ன பண்றது? திருப்பியா கொண்டுபோக முடியும்? சாப்பிடுங்க.”

எல்லோரும் சாப்பிட்டார்கள். டாக்டர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். விட்டுப்போகிற பேச்சு அதன்பிறகு எழவில்லை.

ஐஸில் இருந்த குப்பிகளில் ஒன்றை எடுத்தார்கள். மொத்தத்தையும் எடுக்கலாமா என்று டாக்டர் கேட்கக்கூட இல்லை. பட்டத்தரசியின் குடுவைக்கு இப்போது தனிப் பாட்டில், தனிக் குழாய், தனி நாள். வேறு எந்தச் செல்லையும் அந்த நாளில் டாக்டர் தொடமாட்டார்.

முதல் குப்பி பிழைக்கவில்லை. டாக்டர் மஞ்சள் பையைக் கட்டிவிட்டுப் போய் டீ குடித்தார். அடுத்த வாரம் இரண்டாவதை எடுத்தார். அதில் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டன. தூசி மாதிரிதான். உள்ளே குமிழி இருந்தது.

அதன்பிறகு காலம் அதன்பாட்டுக்குப் போயிற்று. வெயில் வந்து போயிற்று, மழையும் வந்து போயிற்று. பட்டத்தரசியின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அந்தக் கதையை லேப் வாசலில் நின்று சொன்னார்.

“எல்லாரும் உக்காரு உக்காருன்னாங்க. பொண்ணைப் பெத்தவ நின்னு வேலை பாக்கறதுதான் முறைன்னு சொல்லிச் சமாளிச்சுட்டனுங்க. ஒருத்தருக்கும் தெரியல.”

“வலி எப்படி இருக்குது?”

“இருக்குதுங்க. ஸ்கேன்ல கொஞ்சமாத்தான் வளந்திருக்குன்னாங்க. இங்க?”

“இங்கயும் கொஞ்சமாத்தான்.”

“என்னோடது எதுலயும் மெதுவுதானுங்க” என்று சிரித்தார் பட்டத்தரசி. “பத்தாவது பாஸ் பண்ணவே மூனு தடவை எழுதினவ நான்.”

டாக்டருக்கு இப்போது இந்த வேலை பிடித்துப்போயிருந்தது. எப்போது பிடித்தது என்று அவருக்கே தெரியாது. வியாழக்கிழமை காலை இன்குபேட்டரைத் திறப்பார். பார்ப்பார். சாப்பாடு போடுவார். மூடுவார். அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருக்கும். எப்ப முடியும் என்று அவர் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

ஒரு வியாழன் பார்த்தபோது குடுவையின் தரை முக்கால்வாசி நிறைந்திருந்தது. எங்கே பார்த்தாலும் நுரை நுரையாகக் குமிழி. டாக்டர் ஃபோனை எடுக்கவில்லை. உட்கார்ந்து பாதியைப் பிரித்துக் குப்பிகளில் அடைத்தார். பேரெழுதித் தொட்டிக்குள் இறக்கினார். கொஞ்சத்தை டெஸ்ட்டுக்கு அனுப்பினார். மிச்சத்தைப் புதுக் குடுவைக்கு மாற்றினார். எல்லாம் முடிந்த பிறகுதான் ஜெசிந்தாவின் அறைக்குப் போனார்.

“மேடம், பாதி ஐஸுக்குப் போயிருச்சுங்க.”

“சரி சார்.”

முடிவு வந்தது. பட்டத்தரசியேதான். ரத்தத்தோடு அச்சாக ஒத்திருந்தது.

கொடுத்த வாக்குப்படி முதல் ஃபோன் பட்டத்தரசிக்குப் போனது. மறுநாளே வந்துவிட்டார். நின்றபடி பார்ப்பதற்கு வசதியாக டாக்டர் மைக்ராஸ்கோப்பை ஒரு மரப்பெட்டியின் மேல் ஏற்றி வைத்திருந்தார். துணியில் குறை பார்த்துப் பழகிய கண் அது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இதுங்களா?”

“இதுதான் அம்மிணி.”

“நுரையாட்டம் அழகாத்தான் இருக்குது, சனியன்.” அந்தம்மா கண்ணை எடுக்கவில்லை. “உள்ள இருக்கறது வளரக்கூடாது சாமின்னு தெனம் கும்படறேன். அப்பறம் லேப்புல இருக்கறது வளரணும் சாமின்னும் கும்படறேன். அந்த சாமி என்னத்தைத்தான் நெனச்சிருக்குமோ.”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

“இனி என்ன பண்ணுவீங்க?”

“திங்கக்கிழமையில இருந்து ஒவ்வொரு மருந்தாப் போட்டுப் பாப்போம். எதுக்குச் சாகுதுன்னு பாக்கோணும்.”

“கேக்குமுங்களா?”

“தெரியாது அம்மிணி. கேக்கறதுக்கு இப்பத்தான் ஆள் வந்திருக்குது.”

“பாருங்க, பாருங்க” என்றார் பட்டத்தரசி. கிளம்பும்போது குடுவையைப் பார்த்து, “நல்லா சாப்பிடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் டாக்டர் மைசூர்பா பெட்டியோடு குருவின் அறைக்கு வந்தார். ஜெசிந்தா இந்தத் தடவை பெட்டியை மூடவில்லை. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை டாக்டர் பார்த்ததில்லை. இனிப்பு அவ்வளவு பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்தார்.

டாக்டரின் இன்னொரு கையில் அந்தப் பழைய குடுவை இருந்தது. பட்டத்தரசியின் செல்லைப் புதிய குடுவைக்கு மாற்றியபின் காலியானது. பிளீச்சில் ஊறவைத்துப் பளிச்சென்று கழுவியிருந்தார். டேப்பில் ‘ப’ என்ற எழுத்து அழியாமல் இருந்தது.

“மேடம், ஒரு ஆசைங்க. இந்தக் குடுவையையும் உங்க ஜன்னல்ல வெச்சுக்கலாமுங்களா? நீங்க வளத்தது இத்தனை நிக்குது. அந்த வரிசையில கடைசியா என்னோடதும் ஒன்னு.”

ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்தார். கொடிகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கம்பி வரைக்கும் ஏறியிருந்தன. வெயில் பட்டு இலைகள் மினுங்கின.

“அங்க வேண்டாம் சார்.”

“ஏனுங்க?”

“அது எல்லாம் இதே நோய்தான். ஒன்னுகூட வளரல.”

டாக்டர் குடுவைகளை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பார்த்தார். மங்கிப்போன எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“அப்ப இதுக்கு முன்னாடி, மேடம்…”

ஜெசிந்தா பெட்டியிலிருந்து இன்னொரு துண்டு எடுத்தார்.

“வளந்தா எப்படி இருக்கும்னு நானும் இப்பத்தான் சார் பாக்கேன்.”